முதலில் வரும் பெயர்

மின்னஞ்சலை முதலில் பார்த்தது சக ஆசிரியன் அன்புராஜ்தான். கல்லூரியின் கான்கிரீட் ஆய்வகத்தில் இருந்தது ஒரே ஒரு கணினி. அதில் தன் அஞ்சல் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, ஹெலன் சுவரோரம் இருந்த அழுத்தும் பொறியில் ஒரு கான்கிரீட் கட்டியை வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், லாத்வியாக்காரங்க மெயில் போட்டுக்கிறாங்க. கிராண்ட் கெடச்சிடுச்சாம். பிரியாணி எப்போ?"

ஹெலன் பொறியை நிறுத்தினாள். கையிலிருந்த சாம்பல் தூளைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்து திரையின் முன் குனிந்தாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கான நல்கை அது. கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலைகளின் பின்புறம் மலையாகக் குவிந்து கிடக்கும் கறுப்புக் கசடை உடைத்து, ஜல்லிக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் சேர்க்கலாம் என்பது ஹெலனின் ஆய்வு. அந்தக் கட்டிகள் கடுங்குளிரில் வெடிக்காமல் நிற்குமா என்று அறிய விரும்பினார் ரிகா நகரத்துப் பேராசிரியர் இல்ஸே. இரண்டு வருடங்களாக இருவரும் கணினித் திரை வழியாகப் பேசி வந்தார்கள், சேர்ந்து ஒரு கட்டுரையும் வெளியிட்டிருந்தார்கள். பெட்டியில் அடைத்து இவள் அனுப்பிய கட்டிகள் அங்கே உறைபனி அறையில் இருந்தன. வெயிலையும் உலைச் சூட்டையும் தவிர வேறெதையும் அறியாத கல், எங்கோ ஓர் இருட்டறையில் பனி பூத்து உட்கார்ந்திருப்பதை ஹெலன் பேருந்தில் போகும்போதெல்லாம் நினைத்துப் பார்ப்பாள்.

மூன்றாவது பத்தியில் அவள் கண் நின்றது. முதன்மை ஆய்வாளர் முனைவர் சந்திரமோகன் மே மாதம் ஐந்து வாரங்கள் ரிகாவில் தங்கி ஆய்வை நடத்தும்படி அழைக்கப்படுகிறார். அடுத்த ஆண்டு பேராசிரியர் இல்ஸே இந்தியா வருவார். வேறு பயணங்களுக்கு இந்த நல்கையில் இடமில்லை.

"இன்னா மேடம், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"பேரப் பாருங்க."

அன்புராஜ் பார்த்தான். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.

அந்தக் கல்லூரியில் யார் கட்டுரை எழுதினாலும் முதல் பெயர் சந்திரமோகனுடையது. அவர் கல்லூரியின் இயக்குநர், தாளாளரின் மருமகன். அப்படிப் போட வேண்டும் என்று யாரும் உத்தரவு போட்டதில்லை. ஹெலன் வேலைக்குச் சேர்ந்து முதல் கட்டுரையை எழுதியபோது, துறைத் தலைவர் அதைப் புரட்டிப் பார்த்து, "மேல ஒரு பேர் கொறையுதே" என்று சிரித்தார். அவ்வளவுதான். "நம்ம காலேஜுக்கு அதான் மேடம் புள்ளையார் சுழி" என்று அன்புராஜ் அன்று சொன்னான். அதன் பிறகு கை தானாகவே எழுதப் பழகிவிட்டது. நல்கைக்கு விண்ணப்பித்தபோதும், முதன்மை ஆய்வாளர் என்ற கட்டத்தைப் பார்த்ததும் கை சந்திரமோகன் பெயரை எழுதியது. அடுத்த கட்டத்தில் தன் பெயரை எழுதிவிட்டு, இரவு முழுவதும் விழித்து மீதிப் பக்கங்களையெல்லாம் நிரப்பினாள். போகிறவர் யார் என்று அந்தக் கட்டம் கேட்கிறது என அவளுக்குத் தோன்றவே இல்லை. உழைப்பவர் யார் என்பதை எந்தப் படிவமும் இதுவரை அவளைக் கேட்டதில்லை.

சந்திரமோகன் கோபக்காரர் அல்ல. அவர் அறைக்குள் போனால் உட்காரச் சொல்வார், காபி வரவழைப்பார்.

"ரிகாவா? அது ஜெர்மனி பக்கமா?"

"லாத்வியா சார். இன்னும் வடக்க."

"ஓ. நல்லாருக்குமா?" அவர் கைபேசியில் தேடத் தொடங்கினார். "அட, சூப்பரா இருக்கே. ஒய்ஃப் ரெண்டு வருஷமா யூரோப் யூரோப்னு உயிர எடுத்துட்டிருக்காங்க. பையனுக்கும் மே லீவுதான்."

ஹெலன் பேச வந்ததைப் பேசினாள். விண்ணப்பத்தில் பெயரைப் போட்டது வழக்கத்துக்காக என்றாள். அங்கே போகிறவர் தினமும் ஆய்வகத்தில் நின்று கட்டிகளை உடைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். அந்த ஐந்து வாரங்கள் முடிந்தால் அங்கேயே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம் என்று பேராசிரியர் சொல்லியிருப்பதையும் சொன்னாள். "எனக்கு பதிலா ஹெலன் வருவாங்கன்னு நீங்க ஒரு வரி எழுதினா போதும் சார்."

அவர் உண்மையிலேயே யோசிப்பதுபோல நெற்றியைத் தேய்த்தார்.

"அது நல்லாருக்காதும்மா. அவங்க கூப்ட்டது என்னைத்தானே. ஒரு இன்ஸ்டிட்யூஷன் மரியாதை இருக்குல்ல. நீங்க ஸ்லைடு போட்டுக் குடுத்துடுங்க, நான் பேசிட்டு வந்துடறேன். அந்த ஸ்லாக், கறுப்பா இருக்குமே, அதுதானே?"

"அதுதான் சார்."

"ஏதாவது டவுட்டுன்னா அங்கேர்ந்து வாட்ஸாப்ல கேட்டுக்கறேன். காபி ஆறுது, எடுத்துக்குங்க."

கவரைப்பேட்டையில் வீட்டுக்குப் போனபோது அப்பா எபினேசர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனார் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர். எபினேசர் உருக்காலையில் உலைக்கு முன்னால் நின்று ஓய்வு பெற்றவர். ஹெலனின் ஆய்வுக்கு முதல் மூட்டைக் கசடை மொபெட்டில் கட்டி எடுத்து வந்ததும் அவர்தான். கேட்டில் காவலாளி மடக்கியபோது, பொண்ணு இதுல காலேஜ் கட்டப் போறா என்று சொல்லிவிட்டு வந்ததாகக் கதை.

"நீ வெளிநாட்டுக்குப் போறேன்னு பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஞாயித்துக்கெழம உனுக்காக ஜெபம் பண்றாங்களாம்."

"நைனா, நான் போகல."

அவர் சத்தத்தைக் குறைத்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"அவன் பேர நீயே போட்டியா?"

"எல்லாரும் போடுவாங்க."

"எல்லாரும் போடுவாங்கன்னா? நாளைக்கு கல்யாணப் பத்திரிகைலயும் அவன் பேரப் போடுவியா?"

"ஆமா, மாப்ள எடத்துல போடறேன். சும்மா இரு நைனா."

"சும்மாத்தான் இருக்கேன். பாஸ்டருக்கு இன்னா சொல்றது? பேஜாரா போச்சு." அவர் டிவியை அணைத்தார். "அந்த வெள்ளக்காரம்மாவுக்கு நீ யாருன்னு தெரியும்ல. அதுகிட்ட சொல்லேன்."

அதுவே ஹெலனுக்கும் தோன்றியிருந்தது. இல்ஸே நேர்மையானவர். ஒரு கட்டி தவறாக அளக்கப்பட்டால் மொத்தக் கட்டிகளையும் மறுபடி அளக்கச் சொல்கிறவர். உண்மை தெரிந்தால் ஒரு பெயரை மாற்றுவது அவருக்குப் பெரிய காரியமாக இருக்காது.

மறுநாள் வகுப்புகள் முடிந்து பேருந்துகள் கிளம்பிய பிறகு, அவள் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு ரிகாவை அழைத்தாள். அங்கே அப்போது நண்பகல். இல்ஸேவின் முதுகுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் பனி மெதுவாக, யாரும் அவசரப்படுத்தாதது போல இறங்கிக்கொண்டிருந்தது. இல்ஸே சிரித்துக்கொண்டே வாழ்த்தினார். கட்டிகள் இன்னும் ஒரு விரிசல்கூட இல்லாமல் நிற்பதாகச் சொன்னார். "உங்கள் முனைவர் சந்திரமோகன் ஒருநாள்கூட அழைப்பில் வந்ததில்லை. கூச்ச சுபாவம் போலிருக்கிறது. இளையவர்களை முன்னால் நிறுத்துகிற தலைவர்கள் அபூர்வம். அவரைப் பார்க்க ஆவலாக இருக்கிறேன்."

ஹெலன் சொன்னாள். வீட்டில் ஒத்திகை பார்த்த ஆங்கிலம் பாதியில் உதிர்ந்து போனது. அவர் கட்டுரைகளைப் படித்தது கூட இல்லை, முதல் பெயர் எங்கள் கல்லூரியின் வழக்கம், கசடு அள்ளியதிலிருந்து கடைசி வரி வரைக்கும் நான்தான், அதனால் தயவுசெய்து என் பெயருக்கு மாற்றிக்கொடுங்கள்.

இல்ஸேவின் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. இடம் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் பிறகு போனது.

"எல்லாக் கட்டுரைகளிலுமா?"

"எல்லாவற்றிலும்."

"என் பெயரும் இருக்கிற அந்தக் கட்டுரையிலும்?"

ஹெலன் தலையசைத்தாள்.

"ஒவ்வொருவரும் இந்த ஆய்வில் பங்கு பெற்றவர் என்று நாம் கையெழுத்திட்டோம், ஹெலன். நானும் போட்டேன். நீங்களும் போட்டீர்கள்."

"அது எங்கள் ஊரில் வெறும் வழக்கம்."

"புரிகிறது. ஆனால் நான் இதைக் கேட்டுவிட்டேன். கேட்காதவள் போல இருக்க என்னால் முடியாது. எங்கள் நெறிமுறைக் குழுவிடம் சொல்ல வேண்டும்."

"நான் சொல்லாமல் இருந்திருந்தால்?"

இல்ஸே ஜன்னல் பக்கம் திரும்பினார். "அவர் வந்திருப்பார். நான் பூங்கொத்தோடு விமான நிலையத்துக்குப் போயிருப்பேன்."

"அப்படியானால் பொய் சொன்னவர் வரலாம், உண்மை சொன்னவள் வரக்கூடாதா?"

"நீங்கள் இருவருமே கையெழுத்திட்டவர்கள்" என்றார் இல்ஸே. குரலில் கடுமை இல்லை. அவர் கண்கள் கலங்கியிருந்ததைக்கூட ஹெலன் பார்த்தாள். ஆனால் அந்தக் கண்ணீரில் ஒரு முடிவும் மாறப்போவதில்லை என்பதும் தெரிந்தது.

முடிவு சில வாரங்களில் வந்தது. நல்கை ரத்து. கூட்டுக் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. காரணம் என்ற இடத்தில் சந்திரமோகன், ஹெலன் இருவர் பெயரும் இருந்தன. இங்கேயும் அவர் பெயர்தான் முதலில். கட்டிகளை அழித்துவிட்டதாக இல்ஸேவின் உதவியாளர் தனியே ஒரு வரி எழுதியிருந்தார். அவை கடைசி வரை வெடித்தனவா இல்லையா என்று அதில் இல்லை. ஹெலன் கேட்டு எழுதினாள். பதில் வரவில்லை.

சந்திரமோகன் அவளைக் கூப்பிட்டார். இந்த முறையும் உட்காரச் சொன்னார்.

"நான் போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதேம்மா" என்றார், வருத்தத்தோடுதான். "காலேஜுக்கு ஒரு பேரு கெடச்சிருக்கும். அடுத்த வருஷம் அந்தம்மா இங்க வந்திருப்பாங்க, பொன்னாடை போட்டு அனுப்பியிருக்கலாம். யாருக்கு நஷ்டம் சொல்லுங்க. எனக்கா? ஒய்ஃப் இப்போ துபாய்க்கு ஓகே சொல்லிட்டாங்க."

"உங்களுக்கு அங்கேர்ந்து ஒண்ணும் பிரச்சனை வரலையா சார்?"

"ஏதோ மெயில் வந்துச்சு. நான் எங்க படிச்சேன்." அவர் மேசை மணியை அடித்தார். "இன்ஸ்பெக்‌ஷன் வருது, ஆள் கொறையக் கூடாது. அதனால உங்கள வேலைய விட்டு எடுக்க வேணாம்னு மாமாகிட்ட நான்தான் பேசி வச்சிருக்கேன். இனிமே ரிசர்ச்சு கிசர்ச்சுன்னு அலையாம, அட்மிஷன் டீம்ல சேந்துக்குங்க."

அவளைக் காப்பாற்றியது தான்தான் என்று அவர் நம்புவது ஹெலனுக்குத் தெரிந்தது. அதைவிட மோசம், அது உண்மையும்கூட. வெளியே போனால், கட்டுரை திரும்பப் பெறப்பட்டவள் என்ற பெயரோடு எந்தக் கல்லூரி வாசலில் போய் நிற்பாள்?

மே மாதம் ஆசிரியர்கள் இருவர் இருவராகப் பிரிந்து, பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளைத் தேடிப் போனார்கள். யாரையும் சேர்க்காத ஆசிரியருக்கு ஜூன் மாதம் வகுப்பு ஒதுக்க மாட்டார்கள். ஹெலனுக்கும் அன்புராஜுக்கும் ஊத்துக்கோட்டைப் பக்கம் கொடுத்திருந்தார்கள். பேருந்து நிலையத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஊர் ஊராகப் போனார்கள். சில வீடுகளில் நாய் மட்டும்தான் பேசியது.

"நம்மளப் பாத்தா லோன் வசூல் பண்ண வந்தவங்க மாதிரி இருக்குதாம்" என்றான் அன்புராஜ். "அந்தம்மா கதவ சாத்திக்கினு உள்ளேர்ந்து சொல்லுது, அவரு ஊர்ல இல்லன்னு."

மாலையில் போன வீட்டில் கதவு திறந்தது. ரத்னா என்ற அம்மாள் இருவருக்கும் மோர் கொடுத்தார். மகள் அஸ்வினி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொன்னேரி கவர்மென்ட் காலேஜ்ல சீட் வந்துகிது மேடம். இது இன்னாவோ இஞ்சினீரிங்கு இஞ்சினீரிங்குன்னு குதிக்குது. எனக்கு இன்னா தெரியும்? நீங்க சொல்லுங்க, எதுல போட்டா நல்லது?"

நல்ல மதிப்பெண் வாங்கிய பெண். பொன்னேரிக்கே போகட்டும் என்று சொல்ல ஹெலன் வாயெடுத்தாள். அன்புராஜ் அவளைப் பார்க்கவில்லை. பையைத் திறந்து வண்ணக் கையேட்டை எடுத்து அஸ்வினியிடம் நீட்டினான். அவனுக்கும் இன்னும் ஒருவரும் சேர்ந்திருக்கவில்லை. வீட்டில் கைக்குழந்தை.

அஸ்வினி பக்கங்களைப் புரட்டினாள். நடுப்பக்கத்தில் ரிகாவின் கோபுரங்கள், நதி, பனி மூடிய கூரைகள். அதன் மேல் பெரிய எழுத்தில், ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து. மார்ச் மாதமே அச்சாகிவிட்டது. வீணாக்க வேண்டாம் என்று தாளாளர் சொல்லியிருந்தார்.

"மிஸ், இங்க நெஜமாவே கூட்டினு போவாங்களா?"

ரத்னாவும் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இல்லை, கண்டிப்பும் இல்லை. படித்த ஒரு பெண் தன் வீட்டில் உட்கார்ந்து சொல்லப்போவதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தயாரான முகம்.

"நல்லா படிச்சா போலாம்" என்றாள் ஹெலன்.

"அங்க யாரையாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். ஒரு புரொஃபசர். நல்லவங்க."

"யாரு மிஸ் கூட்டினு போவாங்க?"

ஹெலன் மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான்தான்" என்றாள்.

ரத்னா மதிப்பெண் சான்றிதழை எடுத்துவர உள்ளே போனார்.