கடைச்சொல்

கல்முனைக் கடைத்தெருவில், உதுமாலெவ்வையின் புடவைக்கடையில், அல்லாஹ் நாடினால் என்று அர்த்தப்படும் "இன்ஷா அல்லாஹ்"வுக்கு இல்லை என்று பொருள். விலையைக் குறைக்கச் சொல்பவருக்கும், சந்தா கேட்டு வருபவருக்கும், மகளுக்கு மாப்பிள்ளை கொண்டுவரும் தரகருக்கும் சிரித்த முகத்தோடு அந்த ஒன்றையே அளந்து கொடுப்பார். வாங்கிப் போனவர்கள் மறுமுறை கேட்டதில்லை.

சண்டை நடந்துகொண்டிருந்த எண்பத்தைந்தாம் ஆண்டில் ஒரு பிற்பகல், சொறிக்கல்முனைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. மகன் மன்சூர் காலையிலேயே அந்தப் பக்கத்து வயலுக்குச் சைக்கிளில் போயிருந்தான். உதுமாலெவ்வை கடையை அரைகுறையாகப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார். மனைவி முனவ்வறா வாசலிலேயே மறித்தாள்.

"புள்ள வந்திருவானா?"

"இன்ஷா அல்லாஹ்," என்றார்.

 சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இது கடையில செல்ற இன்ஷா அல்லாஹ்வா? அப்ப என்ட புள்ள வரமாட்டானா?"

கட்டாயம் வருவான் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. கையிருப்பில் இல்லாத சரக்கை எப்படி விற்பது?  அவள் பக்கத்தில் தரையில் அமர்ந்தார்.

"கடையில நான் செல்றது என்ட நாட்டம், புள்ள. இது அல்லாஹ்ட நாட்டம்."

"அது என்னெண்டு நமக்குத் தெரியாதே."

"ஓம், தெரியாது. அதான் எனக்கும் ஈரக்குலை நடுங்குது."

கடைக்கார மனிசனின் வாயிலிருந்து பேரமில்லாத பேச்சை அவள் அன்றுதான் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்பயெண்டா அந்தச் சொல்ல இன்னொருக்காச் செல்லுங்க," என்றாள். "நானும் சேந்து செல்றன்."