கட்டைவிரல் காவல்

அக்காவுக்குக் கல்யாணம் முடிவானதும் வீட்டில் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். மாப்பிள்ளைக்குத் தொழிலே பல். பல் செட் செய்து கொடுக்கிற லேபில் வேலை. நல்ல மனிதர், பேசுகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. என் கால் கட்டைவிரலை இனிமேல் யார் இழுப்பார்கள் என்பதுதான் என் கவலை.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு ஒரு தொல்லை. தூங்கி விழிப்பேன், கண் திறக்கும், ஃபேன் சுற்றுவது தெரியும், அடுப்படியில் அம்மா பாத்திரம் உருட்டுவது கேட்கும். உடம்பு மட்டும் வராது. விரல் அசையாது, நாக்கு புரளாது. நெஞ்சின்மேல் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். கதவோரம் ஓர் ஆள் நிற்கிற மாதிரியும் தோன்றும். முதல் தடவை, செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். செத்துக் கிடக்கிறேன், அம்மா இன்னும் பாத்திரம் உருட்டுகிறாளே என்று கோபம்கூட வந்தது.

டாக்டர் சிரித்தார். "மூளை முழிச்சுக்கிச்சு, உடம்பு இன்னும் தூங்குது. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும். மல்லாந்து படுக்காத, நேரத்துக்குத் தூங்கு" என்றார். அம்மாவுக்கு அது போதவில்லை. "அமுக்குவான் பேய்தான்" என்று தீர்ப்புச் சொன்னாள். எலக்ட்ரீஷியனான அப்பா, "பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெயின் ஆன்லதான் இருக்கு, லைனுக்கு சப்ளை போகல" என்றார். எனக்கு அப்பா சொன்னதுதான் நன்றாகப் புரிந்தது. என்ன புரிந்து என்ன? மாட்டிக்கொண்டு கிடக்கும்போது அந்தக் கொஞ்ச நேரம் ஒரு யுகம்.

என்னைக் காப்பாற்றியது எங்கள் அறையின் அமைப்பு. ரயில் பெட்டி மாதிரி நீளமான அறை. இரண்டு கட்டிலை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போட முடியும். என் கால்மாட்டில் அக்காவின் தலைமாடு. மாட்டிக்கொண்டால் என் வசம் மிச்சம் இருப்பது மூச்சு ஒன்றுதான். அதை மூக்கால் புஸ் புஸ் என்று வேகமாக விடுவேன். அக்கா பாதித் தூக்கத்திலேயே கையை நீட்டி என் கட்டைவிரலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுப்பாள். பட்டென்று உடம்பு எனக்குத் திரும்பி வரும். அவள் மறுபடி தூங்கிவிடுவாள். காலையில் இதைப் பற்றிப் பேச்சே இருக்காது. மிஞ்சிப் போனால், "நகத்தை வெட்டுடி எருமை, கையைக் கிழிக்குது" என்பாள்.

அப்படிப்பட்டவள் போகப் போகிறாள் என்றதும் அவள் இடத்துக்கு ஆள் தேட ஆரம்பித்தேன். முதலில் அம்மா வந்து படுத்தாள். நான் மாட்டிக்கொண்டதும் அலறி எழுந்து ஒரு சொம்புத் தண்ணீரை முகத்தில் கொட்டினாள். பேய் போயிற்றோ இல்லையோ, மெத்தை காயப் பல நாள் ஆயிற்று. அடுத்து அப்பா. அவர் குறட்டையில் என் மூச்சு எம்மாத்திரம்? யானை பிளிறும்போது கொசு கூப்பிட்ட கதைதான். ஆனால் அவருக்கு ரோஷம் அதிகம். ஒரு சின்ன மைக்கை என் தலையணையில் தைத்து, அதன் ஒயரைக் கொண்டுபோய் வாசல் மணியில் இணைத்தார். மூச்சு வேகமானால் மணி அடிக்க வேண்டும். ஃபேனுக்கு அடித்தது, தெரு நாய்க்கு அடித்தது, அவருடைய குறட்டைக்கே அடித்தது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

"பேசாம என்னையும் கூட்டிட்டுப் போயிடுக்கா" என்றேன்.

"ஆமா, பொண்ணோட கொசுறா ஒண்ணு தர்றோம்னு சொல்லிடலாம்" என்றாள். சொல்லிவிட்டு என் பக்கம் பார்க்காமல் புடவைகளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

கல்யாணம் முடிந்தது. அக்கா போனாள். நான் இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுத்து, மல்லாந்துவிடாமல் ஒருக்களித்தே தூங்கினேன். அது ஒரு தூக்கமா? வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் லென்ஸை ஃப்ரேமில் பொருத்தும்போது கண் சொருகும். தினமும் காலையில் அக்கா போன் செய்வாள்.

"மாட்டுனியா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"சத்தியமா இல்லக்கா."

அவளுக்கு என் பொய்யும் தெரியும், சத்தியமும் தெரியும். அதனால் நம்புவாள். நம்பினாலும் மறுநாள் கேட்பாள்.

ஒரு நாள் மாமா, அதான் அக்காவின் வீட்டுக்காரர், கடைக்கு வந்தார். கொஞ்சம் நொண்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி பார்க்கிற சாக்கில் ஒவ்வொரு ஃப்ரேமாக எடுத்து வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டியேம்மா?"

"கேளுங்க மாமா."

"தூங்கிட்டு இருக்கும்போது கால் கட்டைவிரலைப் பிடிச்சு இழுக்கிறது உங்க வீட்டு வழக்கமா?"

என் கையிலிருந்த லென்ஸ் நழுவப் பார்த்தது. மாமா மேலே சொன்னார்.

"உங்க அக்கா என் கால்மாட்டுலதான் தலை வச்சுப் படுப்பேங்கிறா. நான் மூச்சைக் கொஞ்சம் பெருசா விட்டா போதும், டபக்குனு ஒரு இழுப்பு. புதுசா வந்த பொண்ணு, அவங்க வீட்டு மரியாதை போலன்னு பொறுத்துக்கிட்டேன். நேத்து நகமே பேந்துடுச்சு."

நான் சிரித்த சிரிப்பில், தூரத்து எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர் எழுத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். அவரும் சிரித்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"அப்போ அவ சரியா தூங்காததுக்கும் இதுதான் காரணமா? எப்போ பார்த்தாலும் சுவர்ல சாஞ்சு முழிச்சிட்டு உக்காந்திருக்கா. கேட்டா புது இடம்ங்கிறா."

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. இத்தனை நாளும் என் கட்டைவிரலைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதைப் பிடித்திருந்த கைக்குச் சொந்தக்காரி தூங்குகிறாளா என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது, வாடிக்கையாளர் முன்னால் அழ முடியாமல் ஃப்ரேமைத் துடைத்தேன்.

எனக்கு இனி வராது என்று அவளிடம் சொன்னால் நம்பமாட்டாள். வரும், வந்தாலும் என்னால் தனியாக வெளியே வர முடியும் என்று காட்டினால்தான் அவள் கண் மூடும். அதற்கு நான் முதலில் மாட்டிக்கொள்ள வேண்டும். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான். தெரிந்தேதான் விட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் தலையணைகளைத் தூக்கி எறிந்துவிட்டு மல்லாந்து படுத்தேன். வரவில்லை. வேண்டாம் என்றபோதெல்லாம் வந்து நின்றது, வா என்று பாய் விரித்தால் வீம்பு பிடித்தது. அடுத்த ஞாயிறும் வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு மதியம், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் பட விழித்தேன். கையை எடுக்கப் பார்த்தேன். கை வரவில்லை.

வந்துவிட்டது. வரவேண்டும் என்று படுத்தவள்தான், ஆனாலும் பயம் பயம்தான். நெஞ்சில் பாரம் ஏறியது. மூச்சு தன்பாட்டுக்குப் புஸ் புஸ் என்று வேகம் எடுத்தது. கட்டைவிரல் பழக்கத்தில் காத்திருந்தது. கால்மாட்டுக் கட்டில் காலியாக இருந்தது. அக்கா, அக்கா என்று உள்ளுக்குள் கத்தினேன். கதவோரம் அந்த ஆள் வந்து நின்றான்.

நன்றாகப் பார்த்தேன். ஓடவும் முடியாது, பார்க்கவாவது பார்ப்போமே. பார்க்கப் பார்க்க அவன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. கையில் பெயர்ந்த நகம். மிகவும் பணிவாக, "இது உங்க வீட்டு வழக்கமா?" என்று கேட்பான் போலத் தோன்றியது. அவ்வளவுதான். அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. வாய் திறக்காததால் மூக்கு வழியாகப் பீறிட்டது. அது தோளைக் குலுக்கியது, தோள் கையைக் குலுக்கியது, எழுந்து உட்கார்ந்திருந்தேன். தனியாக உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்தேன். எட்டிப் பார்த்த அம்மா, "இத்தனை நாள் அமுக்கிட்டுப் போச்சு, இப்போ உள்ளயே குடி வந்துடுச்சா?" என்று சொம்பைத் தேடிப் போனாள்.

போனை எடுத்தேன்.

"மாட்டிக்கிட்டேன்க்கா."

"ஐயோ! யாருடி இழுத்தா?"

"யாரும் இல்ல. நானே வந்துட்டேன்."

"பொய்."

"உன்மேல சத்தியம்."

"எப்படி வந்த?"

சொன்னேன். நகம், நொண்டல், கேள்வி எல்லாம் சொன்னேன். அக்கா சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். நடுவில் எங்கேயோ அது அழுகையாகிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளை அனுமதி கேட்கிற மாதிரிக் கேட்டாள்:

"அப்போ நான் தூங்கட்டுமாடி?"

"தூங்குக்கா" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஏதோ சொல்ல வருகிறாள் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, நிதானமாக, நீளமாக. சொம்போடு வந்து நின்ற அம்மாவை, சத்தம் போடாதே என்று கையைக் காட்டி நிறுத்தினேன். பிறகு மாமாவின் குரல் கிசுகிசுத்தது.

"அசந்து தூங்கிட்டாம்மா. போனை எடுத்துடட்டுமா?"

"எடுத்துடுங்க மாமா. நீங்களும் இனி காலை நீட்டிப் படுக்கலாம்."