அப்பா எழுதினால் அழிகிறது

நாலு மணிக்குச் சித்தப்பா வருகிறார். பன்னிரண்டு வருஷமாக அப்பாவோடு பேச்சுவார்த்தையே இல்லாத மனுஷர், தொண்டை ஆபரேஷனில் அப்பாவுக்குக் குரல் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் தானே போன் பண்ணி வருகிறேன் என்றார். சண்டை போட வாய் இருந்தபோது வராத தம்பி, வாய் போனபிறகு வருகிறான். அப்பா என்னதான் செய்வார், பாவம்!

அதற்காகத்தான் மூத்த மகள் பத்து நாளாகச் சோறு தண்ணி மறந்து ஒரு வலைப்பக்கத்தைச் செய்துகொண்டிருந்தாள். அப்பா டேப்லெட்டில் எழுதி ஒரு பொத்தானைத் தொட்டால், அது வாய்விட்டுப் படிக்கும். வேலை இன்னும் முடியவில்லை. அதனால் அவளுடைய லேப்டாப்பில், அந்த வேலை இருக்கும் ஃபோல்டருக்குள் எது மாறினாலும் டேப்லெட்டில் தெரிகிற பக்கத்தை உடனே புதிதாகத் திறந்து காட்டும் மென்பொருள் கருவி ஓடிக்கொண்டே இருந்தது.

மணி மூன்று. அப்பா ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். அவ்வளவுதான், திரை ஒரு சிமிட்டு சிமிட்டியது, எழுதியதெல்லாம் போயே போச்சு. மறுபடி எழுதினார், மறுபடி போச்சு. மூன்றாவது தடவை டேப்லெட்டைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மகள் வைஃபையைச் சந்தேகப்பட்டாள், டேப்லெட்டைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் கருவி என்ன சொல்கிறது என்று ஒழுங்காகப் படித்துப் பார்த்தாள். மூன்று தடவையும் ஒரே புகார்: புது ஃபைல் வந்திருக்கிறது. அதே ஃபோல்டரில் அப்பா எழுதுவதைச் சேமிக்கும் ஃபைலைக் கண்டுகொள்ளாதே என்று அவள் முதல் நாளே அதற்குச் சொல்லி வைத்திருந்தாள். அப்படியானால் இதை வேறு யாரோ போடுகிறார்கள். அந்த வீட்டில் அவள் லேப்டாப்பைத் தொடுகிற துணிச்சல் ஒரே ஆளுக்குத்தான் உண்டு.

"டேய், இங்க வாடா!"

கூடம் பெருக்கிக்கொண்டிருந்த அவள் தம்பி துடைப்பத்தோடு வந்தான். தாடி நரைக்க ஆரம்பித்துவிட்டது, ஆனால் அக்கா குரலை உயர்த்தினால் இன்னும் சின்னப் பையன்தான்.

"என் ஃபோல்டர்ல என்னத்தடா ஓட விட்டிருக்க?"

"ஒண்ணுமில்லக்கா. அப்பா எழுதுற ஃபைல் மாறுனா, உடனே ஒரு காப்பி எடுத்து வைக்கிற மாதிரி சின்னதா ஒரு புரோகிராம். அவரு குரல ஒரு தடவகூட நாம பதிவு பண்ணி வைக்கலையே. இதாவது இருக்கட்டுமேன்னு..."

"காப்பிய எங்க வைக்குது?"

"அங்கயேதான்."

போச்சுடா! அப்பா எழுதி நிறுத்தினால் இவன் புரோகிராம் காப்பி போடுகிறது, அந்தக் காப்பியைக் கண்டு இவள் கருவி பக்கத்தைத் துடைத்துத் திறக்கிறது. இரண்டு பிள்ளைகளும் போட்டி போட்டுக் கவனித்ததில் அப்பன் வாயடைத்துப் படுத்திருக்கிறார். நன்றாகத் திட்டிவிடத்தான் நினைத்தாள். அவன் நின்ற நிலையைப் பார்த்து மனசு வரவில்லை.

"சொல்லிட்டுச் செய்ய மாட்டியா, மண்டு!" என்று தலையில் ஒரு குட்டு வைத்தாள். காப்பிகள் போய்ச் சேர வெளியே வேறொரு ஃபோல்டரைக் காட்டினாள். பழையவற்றை நகர்த்தும்போது கடைசி மூன்றும் கண்ணில் பட்டன.

'இத்தனை வருஷம் எங்கடா தொலைஞ்ச'

'நீயாவது ஒரு போன் பண்ணியிருக்கலாம்'

'வீட்டை விட்டு வெளியே போன்னு சொன்னது என் தப்புதான்'

அந்தக் கடைசி வரியை எடுத்து, டேப்லெட்டில் அப்பா எழுதுகிற பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டாள். சேச்சே, அதை அவரல்லவா சொல்ல வேண்டும்!

"அப்பா, திரும்புங்க. நாங்க ரெண்டு பேரும் பண்ணுன கூத்துதான். இனிமே சத்தியமா அழியாது."

அப்பா நம்பாமல்தான் திரும்பினார். அதற்குள் அழைப்பு மணி அடித்தது. தம்பி ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். சித்தப்பா நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார். வாங்க என்று தம்பி அவர் கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை. கட்டிலில் கிடந்த அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா தட்டினார். மூச்சு வாங்க நிறுத்தினார். மகள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எழுத்து அப்படியே இருந்தது. அவர் பொத்தானைத் தொட்டதும், செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில் டேப்லெட் சொன்னது:

"உள்ள வாடா."

சித்தப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. "என்னண்ணே, பொம்பளக் குரல்லயும் அதட்டத்தான் செய்வியா?" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.