லண்டன் பங்கர்

…பனங்குற்றி, மறுபடியும் பனங்குற்றி, லண்டனில் பனை ஏது, அந்தக் குளிரில் பனை முளைக்குமா என்று இந்தப் பிள்ளைகள் ஒரு கணமாவது யோசித்தார்களா, குணலட்சுமி சிவப்புப் பேனையை அந்தச் சொல்லின்மேல் வைத்தாள், வைத்தபடியே இருந்தாள், வெட்டவில்லை… 'ஜேர்மன் விமானங்களின் சத்தம் கேட்டதும் லண்டன் மக்கள் வளவுக்குள் வெட்டி வைத்திருந்த பங்கருக்குள் இறங்கினர். பங்கருக்கு மேலே பனங்குற்றிகளை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் மண்மூட்டைகளைப் போட்டிருந்தனர்.' மண்மூட்டை சரி. வளவும் சரிதானே, வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டினார்கள் என்று எங்கேயோ வாசித்த ஞாபகம். அப்படியானால் அந்த ஒரு சொல் மட்டும்தான் பிழையா, ஒரு சொல்லுக்கு எத்தனை புள்ளி குறைப்பது? அடுத்த விடைத்தாளில் லண்டன் மக்கள் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள், அதற்கடுத்ததில் கூப்பன் அட்டையோடு கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் விடிய முன்னமே வரிசையில் நின்றார்கள், ஜாம் போத்தலுக்குள் திரி போட்டு விளக்கு எரித்தார்கள்… அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதி வழியில் எங்கோ நின்றுவிட்டது. அவள் கொடுத்த நோட்ஸ் ஒரே ஒரு பக்கம். அந்தப் பக்கம் முடிந்த இடத்திலிருந்து பிள்ளைகள் தாங்களாகவே லண்டனைக் கட்டியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை உயர்தரப் பரீட்சை. இதுதான் கடைசி வகுப்பு. பருத்தித்துறையில் இந்தக் கிழமை எந்த ரியூசன் கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாலும் இதுதான் நடக்கிறது, வரக்கூடிய கேள்வி எதுவென்று ஊகித்து அதையே பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிப்பது, ஊகம் சரிவந்த ஆசிரியருக்கு அடுத்த வருடம் வாங்குப் பலகைகளில் இடம் இருக்காது, சரிவராத ஆசிரியரைப் பற்றித் தேநீர்க் கடையில் கதைப்பார்கள். அவளுடைய ஊகம் இரண்டாம் உலகப்போர். மதியம் எழுதக் கொடுத்தாள், (அ) போர்க்காலத்தில் லண்டன் மக்கள் எதிர்கொண்ட இடர்கள், (ஆ) போர் முடிந்தபின் அவர்களின் அன்றாட வாழ்க்கை மீண்ட விதம். ஏன் இரண்டு பகுதி? பரீட்சையில் அப்படித்தான் வரும், வேறு காரணம் இல்லை. இப்போது அவர்கள் வாங்கில் இருந்து நேச நாடுகளின் பெயர்களை முணுமுணுத்துப் பாடமாக்க, அவள் மேசையில் திருத்திக்கொண்டிருக்கிறாள், கிடுகு ஓட்டைகளால் வெயில் துண்டு துண்டாய் விழுந்து தாள்களில் அசைகிறது, கால் தானாக ஆடுகிறது, ஏன் இப்படிக் கால் ஆடுகிறது… றோஸின் தகப்பன் கிறகோரி பின்னேரம் வருவதாகச் சொன்னார். அதுதான். காலையிலிருந்து அதுதான்.

காலையில் வீட்டுப் படலையடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே வரச் சொல்லியும் வராமல் நின்றார், மயிலிட்டியில் சொந்தமாக வள்ளம் வைத்திருந்தவர், இடம்பெயர்ந்த இரண்டு வருடமாக விறகு கட்டிக்கொண்டு போய் விற்கிறார், அந்தச் சைக்கிள் கரியரில் இன்னும் விறகுச் சிராய் ஒட்டியிருந்தது. "ரீச்சர், சுத்தி வளைச்சுக் கதைக்க எனக்குத் தெரியாது. மோள் போனமுறை எல்லாம் பாஸ் பண்ணி உந்தச் சரித்திரத்திலை மட்டும் பெயில் விட்டிட்டாள். இந்தமுறை சரிவருமெண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, றிசல்ட் வருமட்டும் இருப்பம். இல்லையெண்டா சோதினை முடிய வெளிக்கிட்டிடுவம். மச்சான் ஆக்கள் இந்தியாவிலை, மண்டபம் காம்பிலை நிக்கினம். கடலுக்குப் போகேலாத ஆம்பிளை இஞ்சை இருந்து என்ன செய்யிறது?" அவள் என்ன சொல்லியிருக்கவேண்டும்? எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லியிருக்கலாம், கடவுள் விட்ட வழி என்று சொல்லியிருக்கலாம். "இண்டைக்கு ஒரு சோதினை வைக்கிறன் அண்ணை, பாத்திட்டுச் சொல்லுறன்" என்று சொன்னாள். சொல்லிவிட்டாள். அவ்வளவு சுலபமாக. ஒரு குடும்பம் கடலைக் கடப்பதா இல்லையா என்பது இப்போது இந்தத் தாள்கட்டின் அடியில் கிடக்கும் றோஸின் விடைத்தாளில் இருக்கிறது, அவள் அதை வேண்டுமென்றே அடியில் வைத்துவிட்டு மற்றவர்களுடையதைத் திருத்திக்கொண்டிருக்கிறாள், நேரம் போகிறது.

எடுத்தாள். றோஸின் எழுத்து சின்னது, தாளை மிச்சம் பிடிக்கும் எழுத்து. (அ) பகுதி நிரம்பி வழிந்தது. சிறுவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியது, இரவில் வெளிச்சம் தெரியாமல் மறைத்தது, பங்கீட்டு அட்டை, எல்லாம் ஒழுங்காக. அதற்குப் பிறகு, 'தேவாலய மண்டபத்தில் ஒரு குடும்பத்துக்கும் மற்றக் குடும்பத்துக்கும் இடையில் சேலையைக் கட்டித் தொங்கவிட்டனர். சேலைக்கு அங்கால் யாராவது அழுதால் இங்கால் உள்ளவர்கள் நித்திரை போல் கிடந்தனர்.' குணலட்சுமி அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். லண்டனில் சேலை. வெட்டவேண்டும். திருத்துகிறவர் இதைப் பார்த்தால் சிரிப்பார், அல்லது கோபப்படுவார், யாரோ ஒருவர், எங்கோ ஒரு மின்விசிறிக்குக் கீழே. அவள் தலையை நிமிர்த்தி, "இஞ்சை எல்லாரும் கேளுங்கோ, லண்டனிலை பனை இல்லை. பனங்குத்தி எண்டு ஒருத்தரும் எழுதக் கூடாது" என்றாள். "அப்ப பங்கருக்கு மேலை என்னத்தைப் போட்டவை ரீச்சர்?" றோஸ்தான் கேட்டாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் முகம். என்னத்தைப் போட்டார்கள், தகரமா, இரும்பா, நோட்ஸில் இல்லை, அவளுடைய ஆசிரியர் அவளுக்குச் சொன்னதும் இல்லை. "தென்னங்குத்தி" என்றான் பின் வாங்கிலிருந்து தில்லைநாதன், வாங்குகள் எல்லாம் சிரிப்பில் ஆடின. "நீர் உந்தப் பகிடியைச் சோதினையிலை எழுதும், நல்லாப் புள்ளி போடுவினம்" என்று அவளும் சிரித்தாள், ஆனால் கேள்வி அப்படியே நின்றது.

பிறகு மேலே விமானத்தின் அந்தச் சத்தம். யாரும் 'பொம்மர்' என்று கத்தவில்லை, கத்தும் காலம் போய்விட்டது, புத்தகங்களை அப்படியே விட்டுவிட்டு வரிசையாக வளவுப் பங்கருக்குள் இறங்கினார்கள், அவள் கடைசியாக, கையில் விடைத்தாள்களோடு, ஏன் இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்… உள்ளே முழங்காலோடு முழங்கால் முட்டும் நெருக்கம், ஈரமண் மணம், யாரோ செபம் சொல்லத் தொடங்கினார்கள். சும்மா இருந்தால் பயம் கூடும் என்று அவள் கேட்கத் தொடங்கினாள். டன்கேர்க்? "நாப்பது, மே!" பேர்ள் துறைமுகம்? "நாப்பத்தொண்டு, டிசம்பர்!" ஒவ்வொரு தரமும் இருட்டுக்குள்ளிருந்து முதலில் வந்தது றோஸின் குரல். தூரத்தில் எங்கோ விழுந்தது, நிலம் ஒருமுறை உருண்டது, மேலிருந்து மண் பொருபொருவென்று கழுத்துக்குள் கொட்டியது. "ரீச்சர், லண்டன்காரரும் இதுக்குள்ளை இருந்து சோதினைக்குப் படிச்சிருப்பினமோ?" தில்லைநாதன். படிச்சிருப்பினம் என்றாள். "அவை என்னத்தைப் படிச்சிருப்பினம்?" "முதலாம் உலகப்போர்" என்றாள் றோஸ், பங்கர் முழுக்கச் சிரித்தது, செபம் சொன்ன பிள்ளையும் சிரித்துவிட்டு மறுபடி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அந்த இருட்டில் குணலட்சுமிக்கு ஏனோ தடித்த அட்டை போட்ட ஒரு மொழிபெயர்ப்பு நாவல் ஞாபகம் வந்தது, பத்தொன்பது வயதில் சோறும் மறந்து வாசித்தது, ருசியப் படைவீரர்கள் பனிக்குள் புதைந்து நடக்கிறார்கள், அவள் பனியைக் கண்டதில்லை, மணற்காட்டு வெள்ளை மணலைத்தான் கண்டாள், அந்த மணலில் கால் புதையப் புதைய அவர்கள் நடந்தார்கள், குளிர் எப்படி என்று தெரியாமல் மார்கழி விடியற்காலைக் கிணற்று நீரை அவர்கள்மேல் ஊற்றினாள்… அவர்களுடைய ஊர் முழுவதையும் அவள் இந்த ஊரால்தான் கட்டினாள். யாரும் அவளுக்குப் புள்ளி குறைக்கவில்லை. அப்படியானால் இந்தப் பிள்ளைகளுக்குக் குறைப்பது என்ன நியாயம்? நியாயம் இல்லைத்தான், ஆனால் திங்கட்கிழமை நியாயம் கேட்கமுடியாது, 'மக்கள் பெரும் இன்னல்களுக்கு உள்ளாகினர்' என்று எழுதினால் புள்ளி, சேலை என்று எழுதினால் இல்லை, அவ்வளவுதான். சத்தம் விலகியது. விலகிவிட்டதா? கொஞ்சம் பொறுத்து ஒவ்வொருவராக ஏறினார்கள், உடுப்பிலிருந்து மண்ணைத் தட்டினார்கள், விட்டுப்போன வரியிலிருந்து முணுமுணுப்புத் தொடங்கியது.

(அ) பகுதிக்குப் பயப்படத் தேவையில்லை, நாலு சொல்லை மாற்றினால் போதும். அவள் றோஸின் தாளைத் திருப்பினாள். மறுபக்கம் '(ஆ)' என்று எழுதி அடைப்பு மூடியிருந்தது, கீழே ஒன்றுமில்லை. பத்துப் புள்ளிக்குரிய பகுதி. நேரம் போதாமல் விட்டாளா? மற்றத் தாள்களை அவசரமாகப் புரட்டினாள், தில்லைநாதன், 'போர் முடிந்ததும் மக்கள் மகிழ்ச்சி ஆரவாரம் செய்தனர்', நோட்ஸில் இருந்த வரி, அப்படியே, முற்றுப்புள்ளி. அடுத்தது, 'மகிழ்ச்சி ஆரவாரம் செய்தனர்.' அடுத்ததும் அதே. பனம்பழமும் சங்கக்கடையும் ஜாம் போத்தலுமாக ஒரு நகரத்தையே கட்டியெழுப்பிய பிள்ளைகள் இந்த இடத்துக்கு வந்ததும் ஒரு சொல்கூடச் சொந்தமாகச் சேர்க்கவில்லை. பிழையாகக்கூடச் சேர்க்கவில்லை. அதைத் திருத்தும்போது அவள் எப்படிக் கவனிக்காமல் விட்டாள், ஒவ்வொரு தாளிலும் சரி போட்டு இரண்டு புள்ளி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்… "றோஸ், இஞ்சை வாரும். (ஆ) ஏன் எழுதேல்லை? நோட்ஸிலை ஒரு வரி கிடந்ததே." றோஸ் மேசையின் விளிம்பைப் பார்த்தாள். "ஒரு வரிக்கு இரண்டு புள்ளிதானே போடுவினம் ரீச்சர். பத்துக்கும் எழுதுவமெண்டு இருந்தனான்." "பிறகு?" "வீட்டை போச்சினம் எண்டு தொடங்கினன். அப்பிடி எழுதினால் வீடு நிண்டதோ எண்டும் எழுதோணுமே. அதாலை அழிச்சிட்டன்." உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அழிறப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்திருந்தது.

வெளியே சைக்கிள் ஸ்ராண்ட் போடும் சத்தம். கிறகோரி. உள்ளே வராமல், காலையில் நின்றது போலவே வேலியோரம் நின்று சறத்தை மடித்துக் கட்டினார், தன் மகளைப் பார்க்காமல் ரீச்சரைப் பார்த்தார். பத்துப் புள்ளி, அது இருந்தால் சரிவரும் என்று சொல்லலாம், தைரியமாகச் சொல்லலாம், இல்லாவிட்டால் சொல்லமுடியாது, போனமுறையும் இப்படித்தானே ஏழெட்டுப் புள்ளியில்… "இருங்கோ அண்ணை, பத்து நிமிசம்" என்றாள், பிறகு எல்லோருக்கும், "தாளை எடுங்கோ. (ஆ) பகுதிக்கு விடை சொல்லுறன், எழுதுங்கோ." வாங்குகள் கிரீச்சிட்டன. றோஸ் தன் இடத்துக்கு ஓடிப்போய்ப் பேனையைத் திறந்தாள். "போர் முடிந்த மறுநாள் காலையில்" என்றாள் குணலட்சுமி, பேனைகள் ஓடின, "லண்டன் மக்கள்"… என்ன செய்தார்கள்? எழும்பியிருப்பார்கள். எழும்பி? வாசித்த நாவல்களைத் துழாவினாள், ஒன்றில் வீரன் சாகிறான், ஒன்றில் வெற்றிச் செய்தி வருகிறது, கதை அதோடு முடிகிறது, மறுநாள் காலையில் யார் அடுப்பு மூட்டினார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை. சரி, நீ சொல்லு, நீ என்ன செய்வாய்? அவள் தன்னைத்தானே கேட்டாள், கேட்ட பிறகுதான் புரிந்தது, பள்ளிக்கூட நாளிலிருந்து இதுவரைக்கும் ஒரு தரமும் அப்படியொரு காலையை அவள் நினைத்துப் பார்த்ததில்லை. நம்பிக்கை இல்லாமல் அல்ல. தோன்றவேயில்லை, அவ்வளவுதான். இத்தனை கற்பனை செய்தவளுக்கு இது மட்டும் தோன்றவேயில்லையே… "லண்டன் மக்கள்" என்று இன்னொரு தரம் சொன்னாள். பேனைகள் ஒவ்வொன்றாக நின்றன. றோஸ் தலையை நிமிர்த்தி, எழுதத் தயாராக, அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.