மூன்று மணி மாத்திரை

அப்பாவின் தாடையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது. மதியம் ஒரு மணி. நாற்காலியில் தலை ஒரு பக்கம் சாய, வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். மூன்று முறை கூப்பிட்டேன். கண் பாதி திறந்தது, என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது, மூடிக்கொண்டது.

இந்த முதியோர் இல்லத்துக்கு வழக்கமாக ஞாயிறு மாலைதான் வருவேன். வயசாச்சு, மறதி நோய் வேறு, தூங்குகிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பழத்தை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். இன்று அலுவலக வேலையாக இந்தப் பக்கம் வந்தவள் சும்மா எட்டிப் பார்த்தேன். பட்டப்பகலிலும் இப்படியே கிடக்கிறார்.

உட்கார்ந்து பழக்கமே இல்லாத மனுஷர். முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் ரீடிங் எடுத்தவர். கல்யாண வீட்டுக்குப் போனாலும் மீட்டர் பெட்டி எங்கே என்றுதான் முதலில் கண் போகும். கூட வேலை பார்த்தவர்கள் டீக்கடையில் உட்கார்ந்தபடியே பாதித் தெருவுக்கு எண் போட்டுவிடுவார்கள். அப்பா மாட்டார். வீடு பூட்டியிருந்தால் ‘பூட்டு’ என்று எழுதிவிட்டு மறுபடி போவார். "பாக்காம எழுதினா அதுக்குப் பேரு ரீடிங் இல்ல, பொய்" என்பார்.

நேராக சிஸ்டரின் மேசைக்குப் போனேன்.

"அப்பாவுக்கு என்ன மாத்திரை குடுக்கறீங்க?"

"டாக்டர் எழுதினதுதாம்மா. அமைதியா இருக்கறதுக்கு. காலைல பத்துக்கு ஒண்ணு, மத்தியானம் மூணுக்கு ஒண்ணு."

"எதுக்கு?"

"மீட்டர் ஐயா ஒரு இடத்துல இருக்க மாட்டேங்கறாரும்மா. ரூம் ரூமா நுழைஞ்சு கதவுக்குப் பின்னாடி தேடறாரு. அன்னிக்கு ஏழாம் நம்பர் டீச்சரம்மா குளிச்சிட்டுத் துண்டோட நிக்கறாங்க, இவரு உள்ள போய் ‘மீட்டர் எங்கம்மா’ங்கறாரு."

சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் தலைக்குப் பின்னால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த விதிகளைச் சத்தமாகப் படித்தேன். ஒருவரை அடக்கி வைப்பதற்காக மருந்து தரக் கூடாது. அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் மட்டும், மற்ற வழிகளை முயன்ற பிறகு, காரணத்தை ரெஜிஸ்டரில் எழுதிவிட்டுத் தரலாம். ஊழியர்களின் வசதிக்காகத் தரவே கூடாது.

"இதுல என்ன ஆபத்து சிஸ்டர்? துண்டுக்கா? அந்த ரெஜிஸ்டரைக் காட்டுங்க. குடும்பத்துக்குக் காட்டணும்னு அதுலயே போட்டிருக்கு."

தயங்கித் தயங்கித்தான் எடுத்துக் கொடுத்தாள். இருபத்து மூன்று நாள். நாளுக்கு இரண்டு வரி. எல்லா வரியிலும் ஒரே வாசகம்: ‘பதற்றம். பேசிப் பார்த்தோம். பலனில்லை. மாத்திரை தரப்பட்டது.’ கடைசி வரிக்கு வந்தேன். இன்றைய தேதி. மதியம் மூன்று மணி. பதற்றம். பேசிப் பார்த்தோம். பலனில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மணி ஒன்று இருபது.

"மூணு மணிக்கு எங்கப்பா பதறப் போறது உங்களுக்கு இப்பவே எப்படித் தெரியும்? ஜோசியம் ஏதும் பாக்கறீங்களா?"

சிஸ்டரின் முகம் செத்துப்போயிற்று. "இருபத்தாறு பேருக்கு ரெண்டே பேரும்மா. மூணு மணிக்கு எழுத நேரம் இருக்காது."

"புகார் எழுதறேன். உங்க மேல, டாக்டர் மேல, எல்லார் மேலயும்." கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவள் ரெஜிஸ்டரை வாங்கி, அப்பாவின் பகுதியில் முதல் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். மருந்து தொடங்கக் காரணம் என்ற இடத்தில் எழுதியிருந்தது: ‘மகள் தொலைபேசியில் சொன்னது — ஒரு நாளைக்குப் பதினாலு தடவை ஃபோன் பண்றார். என்னால வேலை பாக்க முடியல. ஏதாவது குடுத்து உக்கார வைங்க.’

கீழே என் கையெழுத்து. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்ற தாள்களோடு சேர்த்துப் படிக்காமல் போட்டது.

சொன்னேன்தான். மீட்டிங் நடுவே கழிவறைக்குள் போய் நின்றுகொண்டு, எரிச்சலில் சொன்னேன். அந்த ரெஜிஸ்டரிலேயே கேட்டதைக் கேட்டபடி எழுதியிருந்த ஒரே வரி அதுதான். காது மடல்வரை சுட்டது.

"இதை ரத்து பண்ணணும்" என்றேன்.

அவள் டாக்டருக்குப் பேசினாள். இன்று மூன்று மணி மாத்திரை வேண்டாம், காலையில் வந்து பார்த்து முடிவு செய்கிறேன் என்றாராம். இன்றைய மூன்று மணி வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். "ஐயா எழுந்தா நீங்கதாம்மா கூட நடக்கணும். எனக்கு ஆளில்ல."

மூன்று ஆயிற்று. நான்கு ஆயிற்று. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். ஆபீஸிலிருந்து மேனேஜர் ஐந்து முறை ஃபோனில் கூப்பிட்டுவிட்டார். பதற்றம் என்று எழுதுவதானால் அன்று என்னைப் பற்றித்தான் எழுதியிருக்க வேண்டும்.

நாலரைக்கு அப்பா கண் விழித்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. சட்டைப் பையைத் தடவிக் குட்டி நோட்டும் பென்சிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு எழுந்தார். தள்ளாடினார். தாங்கினேன். மூன்றாம் அறை, நான்காம் அறை. கதவுக்குப் பின்னால் பார்ப்பது, சுவிட்சுப் பலகையை அண்ணாந்து பார்ப்பது, ஏதோ எண்ணைக் குறிப்பது. ஏழாம் அறைக்குள் நுழைந்ததும் டீச்சரம்மா, "மறுபடியும் வந்துட்டாரா!" என்று அலறினார். இழுத்தேன். அப்பா என் கையை முறுக்கி உதறினார். மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. ஒரே ஒரு மாத்திரை போதுமே என்ற நினைப்பு எனக்கும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

"டீச்சர், மீட்டர் பாக்க வந்திருக்காரு. ஒரே நிமிஷம்" என்றேன்.

அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, "அலமாரிக்குப் பின்னாடி இருக்கு. சீக்கிரம் பாத்துட்டுப் போகச் சொல்லு" என்றார். அப்பா பார்த்தார், குறித்தார், தலையசைத்துவிட்டு வெளியே வந்தார். அவ்வளவுதான். இருபத்து மூன்று நாளில் இதை யாரும் முயன்று பார்க்கவில்லை. நானும்தான்.

வராந்தா பெஞ்சில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். நோட்டைக் கேட்டேன், கொடுத்தார். அறை எண்கள், எதிரே ரீடிங், தேதி வாரியாக. ஒவ்வொரு நாளின் அடியிலும் ‘மகள் வீடு’. எதிரே நேரம் போட்டு ‘பூட்டு. மறுபடி பார்க்கணும்’. ஒரு பக்கத்தில் எண்ணினேன். பதினாலு. நான் எடுக்காத பதினாலு அழைப்பு. அதற்கு அடுத்த பக்கத்தில் இன்று எடுத்த ரீடிங்தான், நடுவே இருபத்து மூன்று நாள் இல்லவே இல்லை.

என் பையில் ஃபோன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அப்பா பையைப் பார்த்தார். அந்நிய வீட்டு வாசலில் நின்று பேசும் மரியாதையோடு சொன்னார்: "எடுங்கம்மா. பாவம், யாரோ திரும்பத் திரும்பக் கூப்பிடறாங்க."

நான் எடுக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டை வெறும் பக்கத்தில் திருப்பி அவர் மடியில் வைத்தேன்.

"முதல்ல என் வீட்டை எழுதுங்கப்பா. ஆள் இருக்கேன்."

அப்பா உடனே எழுதிவிடவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மீட்டரில் எண் படிப்பதுபோல என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.