கம்பங்காட்டுக் குருவிகள்

நெல் ஒன்றுதான் பயிர். மற்றதெல்லாம் குருவிகளுக்கு மனிதன் செய்யும் தர்மம். 2002 ஆடியில், வேடசந்தூர் அருகே எங்கள் காட்டில் நின்று இதை அறிவித்தேன். திண்டுக்கல்லில் பி.எஸ்ஸி. படிப்பவனுக்கு அந்த உரிமை உண்டு.

அக்கா புருஷன் இருதயநாதன் பாதிக் காட்டில் கம்பு விதைத்துக்கொண்டிருந்தார். மறுபாதி, கிணற்றை நம்பி நெல்லுக்கு.

"கதிர் வந்ததும் தகரம் தட்டிக் குருவி வெரட்டுவீகளாக்கும் மச்சான்?"

"ஆமாப்பு. கம்புக்கு ரெண்டு தூறல் போதும். உன் நெல்லுக்கு அம்புட்டு மேகமும் வரணும்ல."

ரெண்டு தூறல்தான் வந்தது. கிணறு வற்றியது, நெல் கருகியது, கம்பு கதிர் பிடித்தது. சுற்றுவட்டாரத்தில் வேறு கதிரே இல்லாததால் குருவிகள் மொத்தமாக இங்கே இறங்கின. அந்த நேரம் பார்த்து மச்சான் காய்ச்சலில் படுத்தார். கதிர் போனால் அடுத்த ஆடிவரை எங்களுக்குச் சோறில்லை.

"என்னலே, குருவிக்குத் தர்மம் பண்ணிருவமா?" என்றாள் அக்கா.

நான் காலேஜ் பையை ஆணியில் மாட்டினேன். தகரத்தோடு வரப்பில் ஏறித் தட்டத் தொடங்கினேன். யாரும் பார்க்காத நேரத்தில், நிமிர்ந்து நின்ற கதிர்களுக்கு ஒரு கும்பிடும் போட்டேன்.