சிக்னல் பிடிக்கும் வளைவு

கோகிலவாணி திரும்பவும் சாலம்மாள் அக்காவுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று வந்தது. அப்பாடா என்று ஸ்கூட்டியின் மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். போன் போகவில்லையே என்று நிம்மதிப்படுகிற ஒரு பெண்ணைக் கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு இதற்கு முன் பார்த்திருக்காது.

கல்வராயன்மலைக்கு மருத்துவ வேன் அனுப்புகிற ஓர் அறக்கட்டளைக்குக் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவள் அவள். மலையில் யாருக்கு ரத்தத்தில் என்ன கோளாறு, எந்தப் பிள்ளைக்கு எந்த மாத்திரை ஆகாது என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. காலையில் டீயும் கையுமாக டெவலப்பர்களுக்கு வருகிற செய்திமடலைத் திறந்தாள். டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுக்கவும் வைக்கவும் அவள் நம்பியிருக்கும் ஃப்ரேம்வொர்க்குக்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறதாம், வேகம் இரட்டிப்பாம். வேகம் என்றதுமே மயங்கி அதை ஏற்றிவிட்டாள். செய்தியின் கடைசிவரை போகவில்லை மகராசி. மேலே உள்ள தாய்ப் பதிவிலிருந்து கழன்ற பிள்ளைப் பதிவுகளை இனி அதுவே அழித்துவிடும் என்று கடைசியில்தான் போட்டிருந்தான்.

மலைக்குத் தனித் தாலுக்கா வந்து வருஷக்கணக்காகியும், அவள் டேட்டாபேஸில் ஊர்களெல்லாம் சங்கராபுரத்தின் கீழேயே கிடந்தன. அதையும் கையோடு சரிசெய்துவிடலாமென்று சங்கராபுரத்திலிருந்து கழற்றினாள். புதுத் தாலுக்காவில் மாட்டுவதற்குள் ஊர்களைக் காணோம். ஊரோடு ஜனங்களையும் காணோம். சர்வரை உடனே நிறுத்தினாள்தான். ஆனால் வேனோடு மலைக்குப் போயிருந்த நர்ஸ் சாலம்மாள் அக்காவின் போனில் உள்ள நகலையும் அழிக்கச் சொல்லி உத்தரவு அதற்குள் கிளம்பிப்போயிருந்தது. அதைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. போன் சிக்னலுக்குள் வரவேண்டியதுதான் பாக்கி.

“பேக்கப்பு இருக்குமில்ல?” என்று கேட்டார் மேனேஜர் தெய்வசிகாமணி.

“டிஸ்க்கு ரொம்பிப் போயி எப்பவோ நின்னுபோச்சு சார். நான் பாக்காம வுட்டுட்டேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“அத்தினி பேரயும் மறுபடி எங்கம்மா போயி தேடறது? பாதி பேரு கேரளாவுல மொளகு பறிச்சிக்கினு இருக்காங்க. ஊசின்னாலே காட்டுக்குள்ள ஓடுன ஜனம். சாலம்மாதான் வூடு வூடா போயி கெஞ்சிக் கெஞ்சி ரத்தம் எடுத்தாங்க. அது தெரியாம மாத்திரைய மாத்திக் குடுத்துட்டா இன்னா ஆவும்?”

வேன் போயிருந்த பக்கம் டவர் கிடையாது. இறங்கி வரும்போது கோமுகி அணை கண்ணில் படுகிற வளைவில்தான் சிக்னல் பிடிக்கும். மலையிலிருந்து வருகிற எந்த வண்டியும் அங்கே நிறுத்தி, வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பாது. மிச்சமிருக்கும் ஒரே நகல் அக்காவின் போனில்தான். அந்த வளைவுக்கு மேலே வேனை மறித்துவிட வேண்டும். அவ்வளவுதான், வேறு வழியே இல்லை.

மலை ஏறும்போது அழுகையும் வந்தது, தன்மேலேயே ஆத்திரமும் வந்தது. கடவுளே, வேன் பஞ்சராகட்டும். டிரைவர் எங்கேயாவது படுத்துத் தூங்கட்டும். டவர் இடிந்து விழுந்தாலும் பரவாயில்லை. எதிரே ஒரு மரவள்ளி லாரி வழிவிடாமல் நகர்ந்தது. வாய்க்கு வந்தபடி லாரிக்காரனைத் திட்டினாள்.

இன்னும் ஒரு திருப்பம். நிமிர்ந்து பார்த்தாள். தலைக்கு மேலே, தடுப்புச்சுவர் ஓரமாக, வெள்ளை வேன் வந்து நின்றது. சாலம்மாள் அக்கா இறங்கி இடுப்பை நிமிர்த்திக்கொண்டாள்.

ஸ்கூட்டியை அப்படியே கீழே போட்டாள் கோகிலவாணி.

“அக்கா! போன ஆஃப் பண்ணுக்கா! ஆஃப் பண்ணுக்கா!”

தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டு கைகளையும் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். மேலே நின்றவளுக்குக் காற்றில் என்ன கேட்டதோ, முகமெல்லாம் சிரிப்பாகத் தானும் கையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே மறு கையால் பைக்குள் துழாவி எதையோ எடுத்துக் காதில் வைத்தாள்.

கோகிலவாணியின் தோள்பையில் போன் அடித்தது.